ஃபிசீஷியன் அசிஸ்டன்ட் படிச்சுக்கிட்டே எம்.பி.பி.எஸ் கனவா? முடிவெடுக்கும் முன் இதைப் படிங்க!

காலை நேரத்தில் காட்டாங்குளத்தூர் ஸ்டேஷனிலோ, கேளம்பாக்கம் பஸ் ஸ்டாப்பிலோ நின்று பாருங்கள். வெள்ளை கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நிறைய பேர் அவசரமாகப் போவார்கள். எல்லாரும் எம்.பி.பி.எஸ் மாணவர்கள் இல்லை. பி.எஸ்சி ஃபிசீஷியன் அசிஸ்டன்ட் படிக்கிறவர்களும் அதில் உண்டு. வார்டுக்குள் போனால் இருவர் கழுத்திலும் ஸ்டெதஸ்கோப். பெட்டில் படுத்திருக்கும் பாட்டி இருவரையுமே, "டாக்டர் தம்பி"ன்னுதான் கூப்பிடுவார்.

அந்த ஒரு வார்த்தைதான் சில பேரை ராத்திரி தூங்கவிடாமல் செய்கிறது. 'இன்னொரு தடவை நீட் எழுதியிருக்கலாமோ? இப்பவாவது எழுதலாமா? படிச்ச வருஷமெல்லாம் வீணா?' இந்தக் கேள்விகள் உங்களுக்கும் இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இந்தப் படிப்பு வந்த கதை

"பி.ஏ-வா? மந்திரிக்கு இருப்பாரே, அவரா?" என்று கேட்கும் சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார். அவருக்குச் சொல்ல ஒரு சின்ன வரலாறு. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிய அதே 1965-ல்தான், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் இந்தப் படிப்பைத் தொடங்கினார். டாக்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க, கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்களை முதல் பேட்ச்சில் சேர்த்தார்கள்.

இந்தியாவுக்கு இது வந்தது 1992-ல். வந்த இடம் நம்ம சென்னைதான். இதய அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் கே.எம்.செரியன், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதைத் தொடங்கிவைத்தார். நோயாளியின் விவரம் கேட்பது, கேஸ் ஷீட் எழுதுவது, ஆபரேஷனில் உதவுவது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது, குடும்பத்துக்குப் புரியும்படி விளக்குவது என வேலை பெரிது. ஆனால் எல்லாமே டாக்டரின் மேற்பார்வையில்.

ஒரே கேம்பஸ்... ஆனால் நடுவில் கதவு இல்லை

பாலிடெக்னிக் முடித்த உங்கள் நண்பர் நேரடியாக பி.இ இரண்டாம் வருடம் சேர்ந்திருப்பார். அதே மாதிரி இங்கேயும் 'லேட்டரல் என்ட்ரி' இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. நீங்கள் அனாட்டமி, பிசியாலஜி எல்லாம் படித்திருந்தாலும், எம்.பி.பி.எஸ்ஸில் முதல் வருடம், முதல் வகுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு ஒரே வழி நீட்.

அமெரிக்காவில்கூட இது பெரிய குறுக்குவழி கிடையாது. லேக் ஈரி ஆஸ்டியோபதிக் மருத்துவக் கல்லூரியில் ஃபிசீஷியன் அசிஸ்டன்ட்களுக்கென்று தனியாக 3 வருடப் படிப்பு இருக்கிறது. வழக்கமான 4 வருடத்தில் மிச்சமாவது ஒரே வருடம்தான்.

வயசு போயிடுச்சா?

போகலை. நீட் எழுத உச்ச வயது வரம்பு 2022-லேயே நீக்கப்பட்டுவிட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்த்து பொதுப்பிரிவுக்கு 50 சதவிகிதமும், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவிகிதமும் இருந்தால் போதும். உங்கள் பி.எஸ்சி மார்க்குக்கு இங்கே வேலையே இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். 6-ம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவரா நீங்கள்? தமிழக அரசு 2020-ல் கொண்டுவந்த 7.5 சதவிகித உள்ஒதுக்கீட்டை மறந்துவிடாதீர்கள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. உங்கள் கணக்கையே இது மாற்றிவிடும்.

வார்டு அனுபவம் நீட்டுக்கு உதவுமா?

கொஞ்சம்தான். நீட்டில் 180 கேள்விகள், 720 மார்க். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. மனித உடல் பற்றிய பாடங்கள் உங்களுக்கு எளிதாக இருக்கும். ஆனால் அதே உயிரியலில் தாவரவியல், மரபியல், சூழலியல் எல்லாம் இருக்கிறது. பிளஸ் டூவோடு மூட்டை கட்டிவைத்த இயற்பியலை மறுபடி பிரிக்க வேண்டும். இ.சி.ஜி-யைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவருக்கும் நெம்புகோல் கணக்கு மறந்துபோயிருக்கும். தவறான பதிலுக்கு ஒரு மார்க் போகும் என்பதால், அரைகுறை ஞாபகம் ஆபத்து.

மூணு வழி, மூணு கணக்கு

ஒன்று, பாதியில் விட்டுவிட்டு முழுநேரம் தயாராவது. நேரம் கிடைக்கும். ஆனால் நீட் கைகொடுக்கவில்லை என்றால் கையில் டிகிரியும் இருக்காது. விடுவதற்கு முன், மீதிக் கட்டணம் கட்டச் சொல்வார்களா, அசல் சான்றிதழ்களை எப்போது தருவார்கள் என்று கல்லூரி அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். கலந்தாய்வு நேரத்தில் சான்றிதழுக்காக அலைவது கொடுமை.

இரண்டு, படித்துக்கொண்டே எழுதுவது. இதில் டிகிரி பத்திரம். ஆனால் காலை முதல் மாலை வரை போஸ்ட்டிங் பார்த்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து படிக்க வேண்டும்.

மூன்று, முடித்துவிட்டு எழுதுவது. 18 வயதில் சேர்ந்தால், 3 வருடப் படிப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் முடிய 22. அந்த வருடமே இடம் கிடைத்தாலும் நாலரை வருட எம்.பி.பி.எஸ், ஒரு வருட இன்டர்ன்ஷிப் முடியும்போது 28-ஐ நெருங்கிவிடுவீர்கள். உடனே பி.ஜி இடம் கிடைத்தால் 31. இது பயமுறுத்த அல்ல. அதுவரை வீட்டுச் செலவை யார் பார்ப்பார்கள், தங்கை கல்யாணம், அப்பாவின் ரிட்டயர்மென்ட் எப்போது என்று உட்கார்ந்து பேசத்தான்.

பணமும் ஏஜென்ட்டும்

அரசுக் கல்லூரி இடம் கிடைத்தால் செலவு சமாளிக்கக்கூடியது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ் கட்டணம் வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைவார். "உங்க பி.எஸ்சி-யைக் காட்டி வெளிநாட்டுல நேரா ரெண்டாம் வருஷம் சேர்த்துடலாம்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள்படி, வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதோடு 12 மாத இன்டர்ன்ஷிப்பும் அதே நிறுவனத்திலேயே முடிக்க வேண்டும். நீட் தகுதியும் தேவை. மாதங்கள் குறைந்தால், லட்சங்களைக் கொட்டி வாங்கிய பட்டத்தை வைத்து இங்கே பதிவு செய்ய முடியாது.

உண்மையில் எது வேணும்?

ஒரு சனிக்கிழமை ராத்திரி. மாமல்லபுரம் பக்கம் ஈ.சி.ஆரில் பைக் விபத்து. அடிபட்டவரை ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2021-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதனால் பணம் எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேள்வி ஒன்றுதான்: இப்போதே வயிற்றைத் திறக்க வேண்டுமா, ஸ்கேன் வரும்வரை காத்திருக்கலாமா?

அந்த முடிவை எடுத்து, கையெழுத்துப் போட்டு, தப்பானால் பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர். இப்படி ஒரு நேரத்தில் பக்கத்தில் நின்று திறமையாக உதவுவது உங்களுக்கு நிறைவு தருகிறதா? அப்படியானால் நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். உங்கள் துறை 2021-ன் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசியச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. மேலே எம்.எஸ்சி, மருத்துவமனை நிர்வாகம், பொதுச் சுகாதாரம் என்று வழிகள் உண்டு. 'அந்த முடிவை நான் எடுக்கணும்' என்று மனசு துடிக்கிறதா? அப்போது இத்தனை வருடமும் தகும். ஆனால், 'சொந்தக்காரங்க டாக்டர்னு கூப்பிடணும்' என்பதுதான் காரணம் என்றால், அதுக்கு 10 வருஷம் ரொம்ப அதிகம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை

போன வருட நீட் வினாத்தாளை டவுன்லோடு செய்யுங்கள். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சரியாக 3 மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். நெகட்டிவ் மார்க்கையும் கழித்து நீங்களே திருத்துங்கள். அந்த மார்க்கை உங்கள் பிரிவின் கடந்த வருட அரசுக் கல்லூரி கட்-ஆஃபோடு வைத்துப் பாருங்கள். 50, 60 மார்க் தூரம் என்றால் ஒரு வருடம் முயற்சி செய்யலாம். 300 மார்க் தூரம் என்றால், முதலில் டிகிரியை முடித்துவிடுங்கள். எந்த வழி என்றாலும் 'எத்தனை தடவை எழுதுவேன்' என்பதை இன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். ரிசல்ட் வரும் நாளில் அந்த முடிவை எடுக்க உங்களால் முடியாது.