கடலுக்கு அடியில் வரும் இன்டர்நெட்! சென்னை 'ஜங்ஷன்' ஆனது எப்படி? திண்டுக்கல்லுக்கு என்ன லாபம்?

திண்டுக்கல்,-

துபாயில் வேலை பார்க்கும் மகனுடன் முகம் பார்த்து பேசுகிறோம். டீக்கடையில் 'ஸ்கேன்' செய்து காசு கொடுக்கிறோம். பஸ்சில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கிறோம். இதெல்லாம் எந்த வழியாக வருகிறது என்று கேட்டால் பலரும் வானத்தைத்தான் கை காட்டுகிறார்கள். "சாட்டிலைட்ல இருந்து வருதுங்க" என்பதுதான் பலரது நினைப்பு.

உண்மை அதுவல்ல. நாடு விட்டு நாடு போகும் இன்டர்நெட் தகவலில் 100-க்கு 95 பங்குக்கு மேல் கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிள் வழியாகத்தான் போகிறது. செல்போனுக்கும் டவருக்கும் நடுவில்தான் காற்று வழிப் பயணம். டவரைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் கேபிள்தான்.

அந்த கடல் கேபிள்கள் இந்தியாவில் கரை ஏறும் முக்கியமான 2 ஊர்களில் ஒன்று மும்பை. இன்னொன்று நம்ம சென்னை.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட் மாதிரி

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு விற்கும் காய் எல்லாம் அந்த ஊரிலேயே விளைந்ததா? இல்லை. சுற்று வட்டார கிராமங்களில் இருந்து வந்து சேருகிறது. அங்கிருந்து கேரளாவுக்கு லாரி லாரியாக போகிறது. நாலு பக்கமும் வழி இருப்பதால் ஊருக்கு மவுசு.

திண்டுக்கல் ரெயில்வே ஜங்ஷனும் அப்படித்தான். மதுரை, திருச்சி, கரூர், பழனி என 4 பக்கமும் தண்டவாளம் பிரிகிறது.

இன்டர்நெட்டுக்கும் இதே கணக்குதான். கிழக்கே சிங்கப்பூர். மேற்கே வளைகுடா நாடுகளும் ஐரோப்பாவும். நடுவில் இந்தியா. இரண்டு பக்கமும் போகும் கேபிள்கள் இங்கு வந்து தொட்டுச் செல்வதால் நம் நாடு இந்த வட்டாரத்துக்கே ஒரு இன்டர்நெட் ஜங்ஷனாக மாறி வருகிறது.

தந்தி காலத்து உறவு

சென்னைக்கு கடல் கேபிள் புதிது அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில், 1871-லேயே சென்னையில் இருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்கு தந்தி கேபிள் ஓடியது. 1981-ல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே டெலிபோன் கேபிள் வந்தது.

பொதுமக்களுக்கான இன்டர்நெட்டை 1995 ஆகஸ்டு 15-ந்தேதி வி.எஸ்.என்.எல். நிறுவனம் தொடங்கி வைத்தது. வீட்டு டெலிபோன் லைனில் 'கீய்ங்... கீய்ங்...' என்று சத்தம் போட்டு இணைப்பு கிடைக்கும். ஒரு போட்டோ திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்!

நிலைமை மாறியது 2002-ல். வெளிநாட்டு டெலிபோன் இணைப்பில் வி.எஸ்.என்.எல்.லுக்கு இருந்த தனி உரிமை அந்த ஆண்டு முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் பார்தி ஏர்டெல் குழுமமும் சிங்கப்பூரின் சிங்டெல்லும் சேர்ந்து சென்னை - சிங்கப்பூர் கேபிளை போட்டன. நீளம் சுமார் 3 ஆயிரத்து 200 கி.மீ.

2004-ல் டாடாவும் அதே வழியில் ஒரு கேபிள் போட்டது. 2005-ல் சிங்கப்பூரில் இருந்து பிரான்ஸ் வரை போகும் 'சீ-மீ-வீ 4' கேபிள் சென்னையையும் மும்பையையும் தொட்டது. 2006-ல் தூத்துக்குடிக்கும் கொழும்பு பக்கம் உள்ள மவுண்ட் லவினியாவுக்கும் பி.எஸ்.என்.எல்.லும் இலங்கை டெலிகாமும் சேர்ந்து கேபிள் இணைப்பு கொடுத்தன.

ஒருவர் கையில் இருந்த வாசல் பலர் கைக்கு போனது. போட்டி வந்தது, விலை இறங்கியது. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் சாப்ட்வேர் கம்பெனிகள் வரிசை கட்டியதற்கு இந்த கேபிள்களும் ஒரு காரணம்.

தோட்டத்து ஓஸ் பைப் தடிமன்தான்!

"கடலுக்கு அடியில் போடுற கேபிள்னா யானை தண்டி இருக்குமோ?" என்று நினைக்க வேண்டாம். ஆழ்கடலில் கிடக்கும் கேபிள், தோட்டத்துக்கு தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் பைப் தடிமன்தான் இருக்கும். உள்ளே தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள். அதற்குள் வெளிச்சம் பாய்கிறது. அந்த வெளிச்சத்தின் துடிப்புதான் உங்கள் வீடியோ, உங்கள் போன் பேச்சு, எல்லாமே.

போகப்போக வெளிச்சம் மங்கும். அதனால் வழி நெடுக குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு கருவி வைத்து அதற்கு தெம்பு ஏற்றுகிறார்கள். கரைக்கு பக்கத்தில் நங்கூரம், மீன்பிடி வலைக்கு பயந்து இரும்பு கம்பி சுற்றி, மண்ணுக்குள் புதைக்கிறார்கள்.

சிங்கப்பூரில் இருந்து சென்னைக்கு வெளிச்சம் வந்து சேர ஆகும் நேரம் எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியை 60 பங்காக பிரித்தால் அதில் ஒரு பங்கு!

அக்கம் பக்கத்துக்கும் வழி

நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் கடலே கிடையாது. இரண்டு நாடுகளுக்கும் பெருமளவு இன்டர்நெட் இந்தியா வழியாகத்தான் போகிறது. நேபாளம் 2018-ல் சீனா வழியாகவும் ஒரு பாதை போட்டுக்கொண்டது.

இதில் கொடுக்கல் மட்டுமல்ல, வாங்கலும் உண்டு. நம் வடகிழக்கு மாநிலமான திரிபுராவுக்கு 2016-ல் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரை வழியாக இணைப்பு வாங்கப்பட்டது.

சாட்டிலைட்டையே நம்பி திண்டாடிய அந்தமானுக்கு சென்னையில் இருந்து சுமார் 2 ஆயிரத்து 300 கி.மீ. கேபிள் போடப்பட்டு, 2020 ஆகஸ்டு 10-ந்தேதி திறக்கப்பட்டது.

2022 முடிவில் 17 சர்வதேச கேபிள்கள் மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் உள்ள 14 நிலையங்களில் கரை ஏறியிருந்ததாக தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' கணக்கு சொன்னது. அதன் பிறகும் 'சீ-மீ-வீ 6' போன்ற புதிய கேபிள்கள் மும்பைக்கும் சென்னைக்கும் வந்துள்ளன.

அறுந்தால் என்ன ஆகும்?

2008 ஜனவரி 30-ந்தேதி எகிப்து நாட்டின் அலெக்சாண்டிரியா அருகே 2 கேபிள்கள் அறுந்தன. அங்கே அறுந்ததற்கு இங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் தவித்தன. இந்தியாவின் வெளிநாட்டு இணைப்பு ஏறத்தாழ பாதி படுத்துவிட்டது. 2 நாள் கழித்து துபாய் பக்கம் இன்னொரு கேபிளும் அறுந்தது. காரணம், கடலில் கைவிடப்பட்டு கிடந்த ஒரு கப்பல் நங்கூரம்!

2016 டிசம்பரில் 'வர்தா' புயல் சென்னையை புரட்டிப்போட்டபோது கேபிள் பாதித்து இன்டர்நெட் மந்தமானது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோதும் இந்தியா, பாகிஸ்தானில் வேகம் குறைந்தது.

ஒரு பாதை அடைபட்டால் இன்னொரு பாதை இருக்க வேண்டும். பைபாஸ் ரோடு போலத்தான். கேபிள்கள் பெருகியதால்தான் இப்போது முழுசாக நிற்காமல் மெதுவாகவாவது ஓடுகிறது. ஆனால் அறுந்த கேபிளை ஒட்டவைக்க வெளிநாட்டு கப்பலுக்கு காத்திருக்க வேண்டியுள்ளது. இந்திய கொடியுடன் ஓடும் பழுதுபார்ப்பு கப்பல்கள் வேண்டும், அதற்கான வழியை ஆராய வேண்டும் என்று 'டிராய்' 2023-ல் பரிந்துரைத்தது.

நம்மூர் ஜே.சி.பி.தான் வில்லன்

சரி, சென்னை வரை வந்துவிட்டது. திண்டுக்கல்லுக்கு?

நெடுஞ்சாலை ஓரமாகவும், தண்டவாளம் ஓரமாகவும் புதைத்த கண்ணாடி இழை கேபிள் வழியாக சுமார் 420 கி.மீ. கடந்து வருகிறது. 3 ஆயிரம் கி.மீ. கடலை தாண்டி வந்தது சிக்குவது பெரும்பாலும் இந்த கடைசி 2 கி.மீ.யில்தான்.

செங்கடலில் கேபிள் அறுந்தால் நமக்கு வெளிநாட்டு வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். டீக்கடை 'ஸ்கேன்' நிற்காது. அந்த பண கணக்கு எல்லாம் இந்தியாவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஆனால் நம் தெருவில் தண்ணீர் குழாய்க்கு தோண்டும் ஜே.சி.பி. கேபிளை பிய்த்தால் கதையே வேறு. இ-சேவை மையத்தில் சான்றிதழ் நிற்கும். ரேஷன் கடையில் கைரேகை எந்திரம் முரண்டு பிடிக்கும். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

இதை தடுக்கவே, தோண்டுவதற்கு முன்பு அடியில் என்ன கேபிள் கிடக்கிறது என்று கேட்டுக்கொள்ளும் 'கால் பிபோர் யூ டிக்' செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. குழி தோண்டும் காண்டிராக்டர்கள் இதை பயன்படுத்துகிறார்களா என்று பார்ப்பது உள்ளாட்சி அமைப்புகளின் கையில் இருக்கிறது.

தமிழகத்தின் 12 ஆயிரத்து 525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழை கேபிளால் இணைப்பது அரசின் 'டான்பிநெட்' திட்டம். திண்டுக்கல் மாவட்டத்தின் 306 ஊராட்சிகளும் இதில் அடக்கம். ஊராட்சி ஆபீஸ் வரை கேபிள் வந்தால் போதாது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் வரை அது உயிரோடு இருக்க வேண்டும்.

சின்னாளபட்டி சேலையை போட்டோ எடுத்து சிங்கப்பூருக்கு அனுப்பி ஆர்டர் பிடிக்கலாம். நூற்பாலையில் ஷிப்ட் முடித்து வரும் பெண்ணின் பிள்ளை வீட்டில் இருந்தே அரசு தேர்வுக்கு படிக்கலாம். கடல் வழி ஏற்கனவே திறந்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது நம்ம ஊர் ரோட்டோரத்து கேபிள்தான். உங்கள் தெருவில் குழி தோண்ட ஜே.சி.பி. வந்து நின்றால், "கீழே கேபிள் இருக்கா, பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.