ஆற்றுக்குப் போக இருந்த நாவல்!

பெங்களூரில் இருந்து ராயக்கோட்டை வழியாக சேலத்துக்கு ரெயில் வருகிறது. சேலத்தைத் தாண்டினால் ராசிபுரம். அந்த ஊரைத் தன் பெயரின் முதல் எழுத்தாகத் தாங்கியவர், ஆர்.கே.நாராயண்.

அவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல், "சுவாமியும் நண்பர்களும்". மால்குடி என்ற கற்பனை ஊரில் பள்ளிக்கூடம் போகும் சிறுவனின் கதை அது. லண்டன் பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. நாராயண் மனம் உடைந்தார். "கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடு" என்ற கருத்தில், ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதிவிட்டார்.

நண்பரோ, அதை எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் படித்தார்; மகிழ்ந்தார்; சிபாரிசு செய்தார். 1935-ல் ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகம் நாவலை வெளியிட்டது!

கிரீனின் ஏஜெண்டு டேவிட் ஹையம், நாராயணுக்கும் ஏஜெண்டு ஆனார். எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தாரிடம் பேசி, தொகையை முடிவு செய்து, அதில் கமிஷன் பெறுவது ஏஜெண்டின் தொழில்.

ஆனாலும் முதல் நாவல் அதிகம் விற்கவில்லை. அடுத்த இரண்டு நாவல்களும் (1937, 1938) வேறு வேறு பதிப்பகங்களில் வந்தன. நாராயண் எழுதுவதை விடவில்லை. "கைடு" நாவலுக்கு 1960-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. 1965-ல் அது இந்திப் படமாகவும் வந்தது.

2001-ல் நாராயண் மறைந்தார். சுவாமி மட்டும் இன்றும் மால்குடி பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான்!