பூக்களுக்கு அடியில் இரண்டு மல்லர்கள்

நெதர்லாந்தின் ஓட்டர்லோ ஊரில் உள்ள குரோலர்-முல்லர் அருங்காட்சியகம் 1974-இல் வான்கா வரைந்தது என்று ஒரு பூ ஓவியத்தை வாங்கியது. ரோஜாக்களும் புல்வெளிப் பூக்களும் நெருக்கியடித்து நிற்கும் படம். ஆனால் சந்தேகம் விடவில்லை. பாரிஸில் அவர் வரைந்த பூப்படங்களைவிட இது மிகப் பெரியது: 100-க்கு 80 செ.மீ. பூக்களும் அளவுக்கு மிஞ்சியவை. கையெழுத்தோ வழக்கமில்லாத இடத்தில், வலது மேல் மூலையில். கடைசியில் 2003-இல் 'வரைந்தவர் தெரியவில்லை' என்று அறிவித்துவிட்டார்கள்.

1998-இலேயே எடுத்த எக்ஸ்-ரே படத்தில் பூக்களுக்கு அடியில் இரு மல்லர்கள் மங்கலாகத் தெரிந்திருந்தார்கள். சாதாரண எக்ஸ்-ரே எல்லா வண்ண அடுக்குகளையும் ஒரே நிழலாகக் காட்டும். மேல் எது, கீழ் எது என்று பிரித்தறிவது கடினம்.

அந்தக் குறையைத் தீர்த்தது எக்ஸ்-கதிர் ஒளிர்வு ஸ்கேனர். ஊசிமுனை போன்ற எக்ஸ்-கதிரை இது ஓவியத்தின் ஒரு புள்ளியில் பாய்ச்சும். வண்ணத்திலுள்ள அணுவின் உள்வட்ட எலக்ட்ரான் ஒன்று வெளியே தெறிக்கும். அந்தக் காலியிடத்துக்கு வெளிவட்ட எலக்ட்ரான் இறங்கும்போது, மிச்ச ஆற்றல் எக்ஸ்-கதிராக வெளிவரும். அந்த ஆற்றலின் அளவு தனிமத்துக்குத் தனிமம் மாறுவதால், அதைக் கொண்டே தனிமத்தை அடையாளம் காணலாம். பாதரசம் என்றால் சிவப்பு வெர்மிலியன் இருக்கலாம். கோபால்ட் என்றால் நீலம். ஈயம் பெரும்பாலும் வெள்ளை. புள்ளி புள்ளியாக முழுப் படத்தையும் வருடி முடித்தால், ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி வரைபடம் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத தூரிகைத் தீற்றல்கள்கூட அதில் துலங்கும். ஓவியத்தைச் சுரண்டவே வேண்டாம்.

அந்தப் பூ ஓவியத்தையும் இப்படி வருடிப் பார்த்தார்கள். டெல்ஃப்ட், ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற இந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது. மல்லர்களின் இடுப்பில் துணி இருந்தது. மாடல்களுக்கு அப்படித் துணி கட்டுவது ஆன்ட்வெர்ப் ஓவியப் பள்ளியின் வழக்கம். 1886 ஜனவரியில் அங்கே படித்துக்கொண்டிருந்த வான்கா, இரு மல்லர்களைப் பெரிதாக வரைந்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதியிருந்தார். கித்தானின் அளவும் அந்தப் பள்ளியில் உருவப்படம் வரையப் பயன்படுத்திய அளவுதான். ஓவியம் மறுபடி வான்காவுடையது ஆனது.

சந்தேகத்துக்குக் காரணமானவையே இங்கே சான்றாக மாறியதுதான் எனக்குப் பெரிய வியப்பு. பழைய கித்தானை மறுபடி பயன்படுத்தியதால் படம் பெரிதாயிற்று. மல்லர்களை மறைக்க வேண்டியிருந்ததால் பூக்கள் பெருகின. கருவி காட்டியது தனிமங்களை மட்டுமே. அவற்றைக் கடிதத்தோடும் பள்ளியின் வழக்கத்தோடும் கித்தான் அளவோடும் சேர்த்துப் பார்த்தபோதுதான் வரைந்தவர் யார் என்பது உறுதியானது. ஆவணம் படிப்பவரும் இயற்பியல் அறிந்தவரும் ஒரே படத்தின் முன் நிற்க வேண்டியிருக்கிறது.