வாசுகி இண்டிகஸ்

வாசுகி இண்டிகஸ் என்பது சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய குஜராத் மாநிலத்தின் கட்ச் பகுதியில் வாழ்ந்து அற்றுப்போன மாபெரும் பாம்பு ஆகும். சிவபெருமானின் கழுத்தில் இருப்பதாகவும், பாற்கடலைக் கடையக் கயிறானதாகவும் புராணங்கள் கூறும் நாகத்தின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது.

கட்சில் உள்ள பனாந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 2005ஆம் ஆண்டு இதன் எலும்புகள் கிடைத்தன. அளவில் பெரியனவாக இருந்ததால் முதலில் இவை ஏதோ பழங்கால முதலையுடையவை என்றே கருதப்பட்டன. பல ஆண்டுகள் ஆய்வகத்தில் கிடந்த பிறகு, ரூர்க்கி ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த தேபஜித் தத்தா, சுனில் பாஜ்பாய் ஆகியோர் அவற்றை ஆராய்ந்து, பாம்பு என்று 2024 ஏப்ரலில் அறிவித்தனர்.

கிடைத்தவை 27 முள்ளெலும்புகள் மட்டுமே. பாம்பின் உடலில் முள்ளெலும்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அப்படியானால் நீளத்தை எப்படிக் கூற முடிந்தது? இன்றுள்ள பாம்புகளில் முள்ளெலும்பின் அகலத்துக்கும் உடல் நீளத்துக்கும் தொடர்பு உண்டு. வாசுகியின் மிகப்பெரிய முள்ளெலும்பு 11 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. இதை வைத்து ஒரு முறையில் கணக்கிட்டால் 10.9 முதல் 12.2 மீட்டர் வரையும், வேறொரு முறையில் 14.5 முதல் 15.2 மீட்டர் வரையும் நீளம் வருகிறது. செய்திகளில் பெரும்பாலும் 15 மீட்டர் மட்டுமே பேசப்பட்டது. குறைந்த மதிப்பையே எடுத்துக்கொண்டாலும் அது ஒரு நகரப் பேருந்தின் நீளத்தை நெருங்கும். கொலம்பியாவில் கிடைத்த டைட்டனோபோவா சுமார் 13 மீட்டர் நீளமுள்ளது. ஆகவே, இரண்டில் எது பெரியது என்று உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல இயலாது.

முள்ளெலும்புகளின் வடிவம் இதன் உடல் பருத்து, உருளையாக இருந்ததைக் காட்டுகிறது. இவ்வளவு கனத்த உடலோடு இரையை விரட்டிப் பிடிப்பது கடினம். எனவே அனகோண்டாவைப் போல மெதுவாக நகர்ந்து, பதுங்கியிருந்து, இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்றிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அக்காலத்தில் அப்பகுதி கடலோரச் சதுப்பு நிலமாக இருந்தது. மீன்கள், ஆமைகள், முதலைகள், ஆதித் திமிங்கிலங்கள் ஆகியவற்றின் புதைபடிவங்களும் அங்கே கிடைத்துள்ளன. ஆனால் வாசுகி எதைத் தின்றது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. மண்டையோடும் பற்களும் இதுவரை கிடைக்கவில்லை.

பாம்புகள் தம் உடல் வெப்பத்துக்குச் சுற்றுப்புறத்தையே நம்பியிருப்பவை. அதனால் வெப்பமான இடங்களில்தான் மிகப்பெரிய பாம்புகள் வாழ முடியும். வாசுகியின் காலத்தில் அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 28 டிகிரி செல்சியஸ் என மதிப்பிடப்பட்டுள்ளது.

இது மாட்சாய்டே என்னும் அற்றுப்போன குடும்பத்தைச் சேர்ந்தது. குஜராத்திலேயே கிடைத்த, டைனோசர் கூட்டில் முட்டைகளுக்கு அருகே புதையுண்ட 3.5 மீட்டர் நீளச் சனாஜே என்ற பாம்பும் இதற்கு உறவே. இந்தியாவில் தோன்றிய வாசுகியின் மரபு, இந்திய நிலப்பகுதி ஆசியாவோடு மோதியபின் தெற்கு யூரேசியா வழியாக வட ஆப்பிரிக்கா வரை பரவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.