மலைநாட்டில் நாய்ப் பெருக்கமும் கால்நடை நலமும்

நாய் குடியானவனுக்கு உதவியான பிராணி என்பதில் ஐயமில்லை. பட்டியையும் களத்தையும் காப்பது அதுவே. ஆயினும், உடையவனின்றித் தெருவில் பெருகும் நாய்களால் ஆடு கன்றுகளுக்குச் சேதமும், மனிதருக்கும் மாட்டுக்கும் வெறிநோயும் விளைகின்றன. இத்தீங்கைக் கொல்லாமலே அடக்க முற்பட்ட தேசம், இமயமலைச் சாரலிலுள்ள பூட்டான்.

அத்தேசத்தின் தென் எல்லை அஸ்ஸாமையும் மேற்கு வங்காளத்தையும் அடுத்தது. அவ்வெல்லைக் கிராமங்களில் வெறிநோய் நெடுங்காலம் நிலைத்திருந்து, நாய்க்கடிபட்ட மாடுகளைப் பலி கொண்டது. நோய் கண்ட மாடு ஓயாமல் கதறும், எச்சில் ஒழுகும், விழுங்க மாட்டாது, குறி தோன்றியபின் பிழைப்பதில்லை. வடக்கே உயர்ந்த மலைகளில் வேறொரு கேடு உண்டு. நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை, மலத்துடன் புல்லில் சேர்கிறது. அதை மேய்ந்த கவரிமாட்டுக் கன்றின் மூளையில் நீர்க்கட்டி உண்டாகி, கன்று சுற்றிச் சுற்றி வந்து மாண்டுபோகிறது. இறந்த கன்றின் தலையை நாய் தின்றால், புழு மறுபடியும் நாயை அடைகிறது.

நாய்களைப் பிடித்து அடைத்துவைப்பதும் முன்னர் முயன்று பார்க்கப்பட்டது, பலிக்கவில்லை. ஓரிடத்து நாய்கள் நீங்கினால், அங்கே கிடக்கும் எச்சிற் சோற்றை நாடி வேறு நாய்கள் வந்து சேரும். பெட்டை நாய் சினைப்பட்டு ஏறக்குறைய 63 நாளில் ஈனும். ஆண்டில் இருமுறை ஈனவுங்கூடும். ஆதலின் 2009-ஆம் ஆண்டு முதல் கருத்தடைச் சிகிச்சையும் தடுப்பூசியும் ஒருங்கே கைக்கொள்ளப்பட்டன. 2021 ஆகஸ்டில் இவ்வேலை தேசமெங்கும் துரிதப்படுத்தப்பட்டது. வைத்தியர் தொகை சிறிது, மலைப்பாதையோ நெடிது. எனவே, ஆரஞ்சு நிற உடையணிந்த 'தேசுங்' என்னும் தொண்டர் படையினர் நாய்களைப் பிடிக்கவும், சுமந்து வரவும், சிகிச்சைக்குப்பின் பேணவும் முன்வந்தனர். 2023 அக்டோபருக்குள் 61,000-க்கு மேற்பட்ட நாய்களுக்குச் சிகிச்சை முடிந்தது. தெருநாய் அனைத்துக்கும் கருத்தடை நிறைவேறியதாக அரசாங்கம் அறிவித்தது.

சிகிச்சை முறை எளிது. நாய்க்கு மயக்க மருந்தூட்டி, ஆணுக்கு விதையும் பெட்டைக்குச் சூற்பையும் கருப்பையும் எடுக்கப்படும். வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டி, புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே விடுவர். ஓர் ஊரிலுள்ள நாய்களில் 70 சதவிகிதத்துக்கேனும் தடுப்பூசி போட்டால் நோயின் பரவல் அறும். ஆனால் வேலையை இடையில் நிறுத்தினால், எஞ்சிய சில நாய்களே சில ஆண்டுகளில் மீண்டும் ஊரை நிரப்பிவிடும்.

நம் கிராமங்களில் நிலமுடையோர் கவனிக்க வேண்டியவை சிலவே. வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்தல். குடற்புழு மருந்து காலந்தவறாது கொடுத்தல். இறந்த ஆடுமாடுகளை நாய் தோண்டாதபடி ஆழப் புதைத்தல். எச்சிலைக் குப்பையைத் தெருவிற் கொட்டாதிருத்தல். நாய் கடித்தால் புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, தாமதியாது ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மந்திரித்தலும் பச்சிலை கட்டுதலும் உயிரைக் காவா.

வைத்தியர் முகாமிட வரும் நாளில், கிராமாதிகாரிகள் முன்னதாகவே நாய்களைக் கணக்கெடுத்து, வாலிபர் சிலரைத் துணைக்கு நிறுத்துவாராயின், பாதி வேலை முடிந்ததாகும். பூட்டானில் கைகொடுத்தது இத்தொண்டே.