‘அலறல்’ ஓவியத்தில் அலறுவது யார்? எக்ஸ்பிரஷனிசமும் ஹிட்லரின் கோபமும்

கன்னத்தில் கைவைத்து, வாய் பிளந்து நிற்கும் அந்த வாட்ஸ்அப் எமோஜியை ஒருமுறையாவது அனுப்பியிருப்பீர்கள். அதைப் பார்த்ததும் நினைவுக்கு வருவது நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1893-ல் வரைந்த ‘அலறல்’. ஆனால், படத்தில் இருப்பவர்தான் அலறுகிறார் என்று நினைத்தால், அங்கேதான் ட்விஸ்ட். நண்பர்கள் இருவருடன் நடந்துபோன ஒரு மாலையில் வானம் ரத்தச் சிவப்பானதாகவும், இயற்கைக்குள்ளிருந்து ஓர் அலறலை உணர்ந்ததாகவும் மூங்க் எழுதியிருக்கிறார். அதை வைத்துப் பார்த்தால், அந்த உருவம் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது.

எக்ஸ்பிரஷனிசத்தைப் புரிந்துகொள்ள இந்த ஓர் ஓவியம் போதும். தமிழில் வெளிப்பாட்டுவாதம் என்கிறார்கள். வேலை பறிபோன நாளில் வீட்டுக்குத் திரும்பும் ஒருவருக்குத் தெரு எப்படித் தெரியும்? கட்டடங்கள் மேலே சாய்வதுபோல, எதிரில் வரும் முகங்கள் எல்லாம் பச்சையாக, கோணலாக... கேமராவில் அது பதிவாகாது. அதை வரைவதுதான் எக்ஸ்பிரஷனிசம். கண்ணுக்குத் தெரிவது முக்கியமில்லை, மனசுக்குள் நடப்பதுதான் முக்கியம்.

மூங்க் முன்னோடி என்றால், அதை இயக்கமாக்கியவர்கள் ஜெர்மானியர்கள். 1905-ல் டிரெஸ்டன் நகரில் கட்டடக்கலை மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து ‘பாலம்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர். முதல் உலகப்போரில் ராணுவத்துக்குப் போன அவர், மனம் உடைந்து திரும்பினார். 1915-ல் சீருடையோடு தன்னையே வரைந்தார். அதில் அவருடைய வலது கை மணிக்கட்டோடு துண்டிக்கப்பட்டிருக்கும். நிஜத்தில் கை நன்றாகத்தான் இருந்தது. இனி வரைய முடியுமா என்ற பயம்தான் அந்த வெட்டுப்பட்ட கை.

சினிமாவும் இதைப் பிடித்துக்கொண்டது. 1920-ல் வந்த ‘டாக்டர் கலிகாரி’ படத்தில் வீடுகள் கோணலாக நிற்கும். நிழல்களைக்கூட செட்டிலேயே பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். பின்னர் நாஜிகளுக்குத் தப்பி ஹாலிவுட் போன ஃபிரிட்ஸ் லாங் போன்றவர்களோடு இந்த இருட்டும் அங்கே போனது. அமெரிக்காவின் நுவார் படங்களில் பார்க்கும் நிழல்களுக்கு வேர் பெரிதும் இங்கேதான்.

இருபது லட்சம் பேர் பார்த்த ‘சீரழிந்த’ கலை

1937 ஜூலையில் ம்யூனிக்கில் ஹிட்லர் அரசு ‘சீரழிந்த கலை’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடத்தியது. அருங்காட்சியகங்களிலிருந்து பறிமுதல் செய்த நவீன ஓவியங்களைத் தாறுமாறாக மாட்டி, சுவரெல்லாம் கிண்டல் வாசகங்கள் எழுதிவைத்தார்கள். ‘பாருங்க, உங்க வரிப்பணத்துல வாங்கினது’ என்று சொல்லும்படி விலையையும் போட்டார்கள். 20 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அதே ஊரில் நாஜிகள் பெருமையோடு நடத்திய ‘மாபெரும் ஜெர்மன் கலை’ கண்காட்சிக்கு வந்த கூட்டத்தைப்போல இது மூன்று மடங்குக்கும் அதிகம். சிரிக்க வந்தவர்கள் எத்தனை பேர், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

கிர்ஷ்னரின் 600-க்கும் மேற்பட்ட படைப்புகள் பறிமுதலாயின. 1938 ஜூனில் சுவிட்சர்லாந்தில் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

இதுவரை கதை நேர்கோடு. நாஜிகள் வில்லன், ஓவியர்கள் பாதிக்கப்பட்டவர்கள். எமில் நோல்டேவிடம் வந்தால் குழப்பம் ஆரம்பிக்கிறது. மற்ற எல்லோரையும்விட அதிகமாக, 1,000-க்கும் மேற்பட்ட படைப்புகளைப் பறிகொடுத்தவர் அவர்தான். ஆனால் அவரே நாஜி கட்சி உறுப்பினர், யூத வெறுப்பாளர். 1941-ல் தொழில்முறை ஓவியராக இயங்க அவருக்குத் தடையும் வந்தது. அப்போதும் ஹிட்லர் மீதான நம்பிக்கை போகவில்லை. போருக்குப் பிறகு, தடையை மீறி ரகசியமாக வரைந்த தியாகி என்ற இமேஜ் அவருக்குக் கிடைத்தது. அதைப் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகக் கிளறவில்லை.

அன்றைய ஜெர்மன் பிரதமர் அங்கேலா மெர்க்கெலின் அலுவலகத்திலேயே நோல்டேயின் இரண்டு ஓவியங்கள் மாட்டியிருந்தன. 2019-ல் நோல்டேயின் நாஜி காலத்தைப் பற்றி பெர்லினில் நடந்த கண்காட்சிக்காக அவற்றில் ஒன்றைக் கேட்டார்கள். மெர்க்கெல் இரண்டையுமே கொடுத்துவிட்டார். திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.