ஓயாத நோவும் உடற்பயிற்சியும்

ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் தேயிலை மலைகள் பச்சைப் பட்டு விரித்தாற்போலக் காட்சி தருகின்றன. பாதையில் செல்வோருக்கு அது கண்ணுக்கு விருந்து. அம்மலைகளிலே நாள் முழுதும் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ அதன் ஒவ்வொரு ஏற்றமும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் தெரிந்த ஏற்றமாகும். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளை மடுவத்துக்கும் அனுப்பி, பெரட்டுக்குச் சென்று, மலையேறி, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் ஒருத்தியிடம், “நீ உடற்பயிற்சி செய்ய வேண்டும்” என்று ஒருவர் கூறினால், அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தோன்றாது. அதிலும் அவள் பல மாதங்களாக இடுப்பு நோவினால் வருந்துபவளாகவும், உள்ளம் சோர்ந்தவளாகவும் இருப்பாளாயின், அவ்வறிவுரை அவளைப் பரிகசிப்பது போலவே இருக்கும்.

எனினும், இன்றைய வைத்திய அறிவு அத்தகையவளுக்கும் தேகாப்பியாசம் வேண்டும் என்றே கூறுகிறது. முதுகு வலிக்க உழைப்பவருக்கு மேலும் ஓர் உழைப்பு எதற்கு? எழுந்து நிற்கவே திராணியற்றவர் அதற்கான திராணியை எங்கிருந்து பெறுவது? இவ்விரு கேள்விகளும் நியாயமானவை. ஆகவே விடையையும் நிதானமாகவே தேட வேண்டும்.

முதலாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றே என்பது பொதுவான எண்ணம். டென்மார்க் நாட்டின் தொழிற்சூழல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஆன்ட்ரியாஸ் ஹோல்டர்மான் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் இவ்வெண்ணத்தை மறுத்துள்ளனர். ஓய்வு நேரத்திலே ஒருவர் தாமே விரும்பிச் செய்யும் பயிற்சி உடலுக்கு வலுவூட்டுகிறது. பிழைப்புக்காகச் செய்யும் கடும் உழைப்போ பல வேளைகளில் உடலைத் தேய்த்துவிடுகிறது. பயிற்சி சிறிது நேரமே நடைபெறும், உடலின் பல பகுதிகளையும் மாறி மாறி இயக்கும், களைத்தால் நிறுத்தலாம், பின்னர் ஓய்வும் கிட்டும். தொழிலிலோ ஒரே அசைவு பல மணி நேரம் நீடிக்கும், சுமை குறையாது, நிறுத்தும் உரிமையும் தொழிலாளியிடம் இல்லை.

கொழுந்து பறிக்கும் வேலையை நோக்கினால் இது தெளிவாகும். கூடையின் கயிறு தலையிலே பதிந்திருக்கிறது. அதனால் கழுத்து முன்னோக்கித் தள்ளப்படுகிறது. கூடை முதுகிலே தொங்குகிறது. கண்கள் கொழுந்தையே நோக்கியிருக்க, தோள்கள் முன்னோக்கிக் குவிகின்றன. கைகள் இடைவிடாது கிள்ளுகின்றன. கால்கள் சரிவான நிலத்திலே ஒன்று மேலும் ஒன்று கீழுமாக ஊன்றி நிற்கின்றன. நாளுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் விதித்த அளவை எட்டும்வரை இந்நிலை மாறுவதில்லை. இத்தகைய உடலுக்குத் தேவைப்படுவது மேலும் சுமை அன்று. நாள் முழுதும் மடங்கியதை நிமிர்த்துவதும், இறுகியதைத் தளர்த்துவதும், இயங்காதிருந்ததை இயக்குவதுமே. அதுவே இங்கு உடற்பயிற்சி எனப்படுவது.

இனி, நோவின் இயல்பையும் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவை நாட்பட்ட நோவு என்று வைத்தியர்கள் வகுக்கின்றனர். காலில் முள் தைத்தால் உண்டாகும் வலி ஓர் எச்சரிக்கை. முள்ளை எடுத்து, புண் ஆறியதும் அது அடங்கிவிடும். நாட்பட்ட நோவிலே பல வேளைகளில் காயம் ஆறிய பின்னரும் எச்சரிக்கை ஓய்வதில்லை. கள்வனைக் கண்டு குரைக்கவேண்டிய காவல் நாய், காற்றில் அசையும் செடியைக் கண்டும் குரைக்கத் தொடங்கினால் எப்படியோ, அப்படியே நரம்புகளும் சிறு அசைவுக்கும் பெரு வலியை உணர்த்தப் பழகிவிடுகின்றன. 1965ஆம் ஆண்டில் றொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்னும் இரு அறிஞர்கள், முள்ளந்தண்டின் நரம்பு வழியிலே ஒரு படலை இருப்பதுபோல நோவின் செய்திகள் சில வேளை தடுக்கப்பட்டும் சில வேளை தாராளமாக விடப்பட்டும் மூளையை அடைகின்றன என்று விளக்கினர். அச்சம், கவலை, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவை அந்தப் படலையை அகலத் திறக்கின்றன. நோவு உண்மையானதே, எவரும் அதைக் கற்பனை என்று ஒதுக்கலாகாது. ஆனால் நோகிறது என்பதாலேயே ஒவ்வோர் அசைவும் உடலுக்குத் தீங்கு செய்கிறது என்று கொள்ள வேண்டியதில்லை.

நோவும் மனச்சோர்வும் பெரும்பாலும் கூடியே வாழ்கின்றன. மலையகத்திலே பலர் “மனம் சோர்ந்திருக்கிறேன்” என்று சொல்வதில்லை. “மேலுக்கு முடியல்ல”, “கைகால் குடையுது”, “நெஞ்சு பாரமா இருக்கு” என்பார்கள். அவ்வார்த்தைகளுக்குள்ளே உடலின் நோவும் இருக்கலாம், உள்ளத்தின் நோவும் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். நோவு வந்தால் மனிதர் நடமாட்டத்தைக் குறைக்கிறார். கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் செல்வதை நிறுத்துகிறார். மகிழ்ச்சி தந்தவை ஒவ்வொன்றாக விலக, மனம் மேலும் சோர்கிறது. சோர்ந்த மனம் உறக்கத்தைக் கெடுக்கிறது; உறங்காத உடலிலே நோவு மிகுகிறது. இது செக்கு மாடு சுற்றுவதைப் போன்ற ஒரு வட்டம்.

இவ்வட்டத்தை எங்கே உடைப்பது? மனம் தெளிந்த பின் எழுந்து நடப்போம் என்று காத்திருப்பதே இயல்பு. ஆனால் மனச்சோர்வின் தன்மையே அந்தத் தெளிவை வரவொட்டாமல் தடுப்பதாகும். பீற்றர் லூயின்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1970களில் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினார். மனம் வந்தபின் செயல் அன்று. செயல் வந்தபின்னரே மனம் என்பது அவர் வழி. இவ்வழி தெற்காசியாவிலும் சோதிக்கப்பட்டுள்ளது. இந்தியாவின் கோவா மாநிலத்திலே, விக்ரம் பட்டேலும் அவருடைய கூட்டத்தினரும், வைத்தியப் பட்டம் பெறாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி அளித்து, கடும் மனச்சோர்வுற்றோரை ஆறு முதல் எட்டு முறை சந்தித்துச் சிறு சிறு செயல்களிலே ஈடுபடுத்தச் செய்தனர். அதன் முடிவுகள் 2017ஆம் ஆண்டில் வெளிவந்தன. மூன்று மாதங்களின் பின், அந்த உதவியைப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 64 பேர் சோர்வு நீங்கியிருந்தனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 39 பேரே அந்நிலையை அடைந்தனர். பெரிய வைத்தியசாலைகளுக்குத் தொலைவிலே வாழும் மக்களுக்கு இது நம்பிக்கை தரும் செய்தியாகும்.

அடுத்து, எப்படித் தொடங்குவது என்பது. நோவுடையோர் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். நோவு சற்றே தணிந்த நாளில், தேங்கிக் கிடந்த துணி முழுவதையும் தோய்த்து, விறகு சுமந்து, வீடு முழுவதையும் கழுவி முடிக்கின்றனர். மறுநாள் முதல் மூன்று நாட்கள் எழ முடிவதில்லை. பின்னர் மீண்டும் ஒரு நல்ல நாள், மீண்டும் அதே கதை. நாளடைவிலே, அசைந்தாலே வினை என்னும் அச்சம் வேரூன்றுகிறது. சியாற்றில் நகரிலே பணிபுரிந்த வில்பேட் போடைஸ் என்னும் உளவியலாளர், 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இதற்கு மாற்று வழியை விரித்துரைத்தார். நோவு சொல்லும் இடத்தில் நிறுத்தாமல், முன்கூட்டியே வகுத்த அளவில் நிறுத்துவதே அவ்வழி.

அதனை இவ்வாறு கைக்கொள்ளலாம். மூன்று சாதாரண நாட்களிலே, நோவு மிகுதியாகுமுன் எவ்வளவு நேரம் சம நிலத்தில் நடக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். முதல் நாள் 8 நிமிடம், மறுநாள் 6 நிமிடம், மூன்றாம் நாள் 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், சராசரி 8 நிமிடமாகும். தொடங்கும்போது அதற்கும் குறைவாக, 6 நிமிடத்திலே தொடங்க வேண்டும். உடல் நன்றாக இருக்கும் நாளிலும் 6 நிமிடமே. மனம் மறுக்கும் நாளிலும் 6 நிமிடமே. நோவு மிகக் கடுமையான நாளிலே பாதியாகக் குறைக்கலாம்; முற்றாக விட்டுவிடாதிருப்பது நல்லது. வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினால், பத்து வாரங்களின் பின் அந்நடை 16 நிமிடமாகிவிடும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியிலே, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் பெறுவது நன்று எனக் கூறப்பட்டுள்ளது. இந்த எண்ணைக் கண்டு நோவுற்றோர் மலைக்க வேண்டியதில்லை. எவ்வளவு சிறிதாயினும் அசைவு, அசையாதிருப்பதிலும் மேலானது என்று அதே வழிகாட்டி வற்புறுத்துகிறது.

லயத்து வாழ்வுக்கு ஏற்ற பயிற்சிகள் எளியவை. வேலைக்குப் போகாத நாளில், ஏற்றமில்லாத தோட்டத்துப் பாதையிலே நடக்கலாம். மழைக்காலத்திலே, பாதை வழுக்கும்போது, இஸ்தோப்பிலே முன்னும் பின்னும் நடந்தாலும் போதும். வேலை நாளில், மலையிலிருந்து திரும்பியதும் ஒரு பாயை விரித்து, முழங்கால்களை மடக்கி, மல்லாந்து ஐந்து நிமிடம் படுத்து ஆழ்ந்து மூச்சு விடலாம். பின்னர் எழுந்து சுவரோடு சாய்ந்து நின்று, நாடியை மெல்ல உள்ளிழுத்து, கழுத்தை நிமிர்த்தலாம். தோள்பட்டைகள் இரண்டையும் பின்னால் நெருக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி விடலாம். கைகளை இடுப்பில் ஊன்றிச் சற்றே பின்னோக்கி வளையலாம். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை செய்தால் ஆரம்பத்துக்கு அதுவே அதிகம். குளிர்ந்த காலையில் உடல் விறைத்திருக்கும். ஆதலால் வெந்நீர் ஒற்றடத்தின் பின்போ, சற்று நடமாடிய பின்போ இவற்றைச் செய்வது நலம்.

திராணியைத் தேடுவதிலே துணையின் பங்கு பெரிது. சோர்ந்த மனத்துக்குத் தானே தீர்மானம் செய்வதுதான் மிகக் கடினமான வேலை. அடுத்த காம்பராப் பெண், “அக்கா, கோயில் வரைக்கும் போயிட்டு வருவோம் வாங்க” என்று குறித்த நேரத்தில் வந்து அழைத்தால், அந்தத் தீர்மானத்தின் பாதிச் சுமை இறங்கிவிடும். கும்மியும் கோலாட்டமும் அறிந்த பெண்கள், பழகிய பாட்டுக்கு மெல்லக் கைகொட்டி அசைவதும் பயிற்சியே. அறியாத பயிற்சியை விட அறிந்த ஆட்டம் மனத்துக்கு நெருக்கமானது.

அதேவேளை, களைப்புக்கு வேறு காரணம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டப் பெண்கள் பலரிடையே இரத்தச்சோகை காணப்படுகிறது. இரத்தம் குறைந்தவருக்கு எவ்வளவு மனவுறுதி இருந்தாலும் மூச்சு வாங்கும். இது ஓர் எளிய இரத்தப் பரிசோதனையால் தெரிந்துவிடும். உணவோடு சேர்த்துச் சாயத்தண்ணீர் அருந்தினால், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பது குறைகிறது. தேயிலை விளையும் மண்ணிலே இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுவது நன்மை தரும். வலிக் குளிசைகளை வைத்தியரைக் கேளாது மாதக்கணக்கில் விழுங்குவது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. நோவை மறக்க மதுவை நாடுவோர் சோர்வையே விலைகொடுத்து வாங்குகின்றனர்.

சில அறிகுறிகள் தோன்றினால் பயிற்சியை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். காலில் பலம் குன்றுதல், தொடைகளின் உட்புறம் மரத்துப்போதல், மலசலம் கட்டுப்படாமை, காய்ச்சலோடு கூடிய முதுகுவலி, காரணமின்றி உடல் மெலிதல், நடக்கும்போது நெஞ்சு இறுகுதல் ஆகியவை அத்தகையன. வாழ்ந்து என்ன பயன் என்னும் எண்ணம் எழுமாயின், அதுவும் உடனே உதவி நாட வேண்டிய அறிகுறியே. அதில் வெட்கத்துக்கு இடமில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைத்துப் பேசலாம். அத்தகையவர் இருக்கும் வீட்டிலே பூச்சிமருந்தை எட்டாத இடத்திலே பூட்டி வைப்பது உற்றாரின் கடமை.

உடற்பயிற்சி நோவை வேரோடு களைந்துவிடும் என்று வாக்களிப்பது நேர்மையாகாது. பலருக்கு நோவு ஓரளவே குறைகிறது. ஆனால் நோவு இருந்தபோதிலும் நடக்கவும், உறங்கவும், பிள்ளைகளோடு சிரித்துப் பேசவும் கூடிய ஆற்றல் வளர்கிறது. அதுவே இதன் பயன். அன்றியும், இப்பொறுப்பு முழுவதையும் நோவுற்றவர் தலையிலே ஏற்றுவதும் நியாயமன்று. கூடை நிரம்பி வழியுமுன் இடையிடையே நிறுத்துக் கொட்ட வழிசெய்வதும், கழுத்தை வருத்தாத கூடையை வழங்குவதும், முதுகை நிமிர்த்தச் சில நிமிட ஓய்வு அளிப்பதும் தோட்டத்தை நடத்துவோர் கையில் உள்ளவை. வீட்டிலே ஒரு குடம் தண்ணீரைக் கணவனோ வளர்ந்த மகனோ தூக்கி வருவானாயின், அன்றைய 6 நிமிட நடைக்கு வேண்டிய பலம் அவளிடம் மிஞ்சியிருக்கும்.

ஆண்டாண்டு காலமாகப் பிறருக்காகவே மலையேறிய கால்கள் அவை. நாளில் சில நிமிடமேனும், கூடையின்றி, கணக்கின்றி, தமக்காகவே அவை நடக்கட்டும்.